ஊதினால் திறக்கும் கதவு

"பூஞ்சையை மனித குலம் வாசலிலேயே வென்றுவிட்டது!" என்று அமைச்சர் முழங்கி அறிமுகப்படுத்திய கதவு, மாற்றுச் சிறுநீரகத்துக்காக எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வாழும் அற்புதராஜின் வீட்டிலும் இருந்தது. ஊதும் மூச்சில் பூஞ்சை தெரிந்தால் யாருக்கும் திறக்காது. இன்று, குப்பை கொட்டிவிட்டு வந்த அவருக்கே திறக்கவில்லை.

"இந்தக் கதவு எங்கப்பாவ திருப்பி அனுப்பினப்போ சிரிச்சீங்கல்ல? நல்லா ஊதுங்க" என்றாள் உள்ளிருந்து மனைவி ஸ்டெல்லா.

ஊதினார். இருமலோடு ரத்தம் வந்தது.

பதறி ஓடிவந்த ஸ்டெல்லா, பூஞ்சை நோயாளிகளுக்கென்றே கட்டிய வார்டுக்கு அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனாள். அங்கேயும் அதே கதவு.

"எனக்கு இது எப்படிங்க தொறக்கும்?" என்று மூச்சு வாங்கினார் அற்புதராஜ்.

"யாரா இருந்தாலும் ஊதணும் சார், ரூல்ஸ்" என்றார் காவலாளி.

திறப்பு விழா முடிந்து இரண்டு வருடமாகியும், அந்த வார்டில் ஒரு நோயாளிகூடச் சேர்ந்ததில்லை.