பறந்து போன வலி

"முதுகுவலிதானே? இதைப் போடுங்க, வலி பறந்தே போயிடும்" என்ற டாக்டர், தலை நிமிராமலே மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் வாங்கிப் படித்தாள்.

"என் பொண்ணும் இதே மாத்திரைதான் போட்டா டாக்டர். போகப் போக அது இல்லாம அவளால இருக்கவே முடியல. ஒளிச்சு வெச்சா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடுவா."

"அதெல்லாம் வீண் பயம்மா. நிஜமா வலி இருக்கிறவங்களுக்கு இது பழக்கமாகாது. ஊருக்கே எழுதிக் கொடுக்கிறேன். சரி, இப்ப அவங்களுக்கு வலி எப்படி இருக்கு?"

"வலியே இல்ல டாக்டர்."

"பார்த்தீங்களா!" டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து சிரித்தார். "நல்ல மருந்தைப் போய்க் குறை சொல்றீங்களே!"

"போன மாசம் போய்ச் சேர்ந்துட்டா. மாத்திரையை அள்ளிப் போட்டுக்கிட்டுப் படுத்தவ, எழுந்திருக்கவே இல்ல."

டாக்டர் எட்டி அவள் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக் கசக்கினார்.

"இங்க பாருங்க, உங்க பொண்ணை நான் பார்த்ததே கிடையாது. அவளுக்கு நான் எதுவும் எழுதிக் கொடுக்கல."

முதுகுவலி என்பதே இல்லாத அந்த அம்மாள், நிமிர்ந்து எழுந்தாள்.

"நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்கன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே, டாக்டர்!"