நாமினி பேரு

டிசம்பர் லீவு முடிந்து அரிகரன் லடாக்குக்குப் புறப்பட இரண்டே நாள் இருந்தது. பாகூர் வீட்டு அடுப்படியில் நின்ற அவன் மனைவி வைஜெயந்திக்கு, கூடத்தில் மாமனார் சாமிநாதன் அவனிடம் பேசியது கேட்டது.

"பட்டாள இன்சூரன்ஸ்ல நாமினி பேர மாத்திட்டியாடா?"

"இன்னாப்பா அவசரம்? அடுத்த லீவுல பாத்துக்கறேன்."

"வருஷம் முடியறதுக்குள்ள மாத்து. கல்யாணமாகி ஆறு மாசம் ஆவுது. நாளைக்கி உனக்கு ஒண்ணுன்னா பணம் யாருக்குப் போவும்னு யோசிச்சியா?"

வைஜெயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமானதுமே தன் பெயரை அவன் போட்டிருப்பான் என்று நம்பியிருந்தாள். அதை எடுக்கச் சொல்கிறாரே மனுஷர்!

"அதுல இன்னும் என் பேருதான்டா இருக்குது. எடுத்துட்டு அந்தப் பொண்ணு பேரப் போடு. எனக்குக் கரும்புக் காணி இருக்குது. அதுக்கு இன்னா இருக்குது?"

வைஜெயந்தி அடுப்பை அணைத்துவிட்டு, தன் ஆதார் கார்டைத் தேடப் போனாள்.