சும்மா நிற்கும் வேகம்

பந்தயப் படகு ஒன்றில் முரட்டு இஞ்சின் ஒன்று இருந்தது. சும்மா நிற்கும்போதும் உறுமிக்கொண்டேதான் நிற்கும். அந்த வேகத்தில் கியர் விழுந்தால், கியருக்குப் பல்லெல்லாம் ஆடிப்போகும்.

"அண்ணே, நிக்கும்போதாவது அடங்கி ஓடக் கூடாதா? உன்கிட்ட அடி வாங்கியே நான் சாகப் போறேன்" என்றது கியர்.

இஞ்சினுக்கு மனசு இளகியது. பந்தயத்தன்று காலை, படகு துறையில் கயிற்றில் கட்டிக் கிடந்தபோதே அது வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தூங்கும் பூனைபோல முனகியது.

"இப்ப எப்படி?"

"தங்கமே!" என்றது கியர்.

ஆனால் கியர் விழுந்ததும் இஞ்சின் பொட்டென்று அணைந்தது. மறுபடி கிளம்பியது, மறுபடி அணைந்தது. மற்ற படகுகளெல்லாம் பந்தயக் கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 'இன்னைக்குக் கரையில கிடந்து வேடிக்கைதான்' என்று இஞ்சின் கலங்கியது.

தண்ணீருக்குள்ளிருந்து, படகைத் தள்ளும் விசிறி சிரித்தது. "ரெண்டு பேரும் கூடிப் பேசினீங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கியர் விழுந்தா இந்தத் தண்ணியை நான் தள்ளணும். அந்தப் பாரம் உன் மேலதானே வரும்? கொஞ்சம் வேகமா வா. நான் சுத்த ஆரம்பிச்சதும் மெதுவா வேகத்தைக் குறை. திணறுறதுக்கு முன்னாடி குறைக்கிறதை நிறுத்தி, அந்த வேகத்துலயே ஓடு."

இஞ்சின் அப்படியே செய்தது. விசிறி சுழலச் சுழல வேகத்தைக் குறைத்து வந்து, அணையாமல் ஒரே சீராக ஓடியது. படகுக்காரர்கள் கியரை விடுவித்தார்கள், கயிற்றை அவிழ்த்தார்கள், மறுபடி கியரைப் போட்டார்கள்.

"வலிச்சுதா தம்பி?" என்று பயந்துகொண்டே கேட்டது இஞ்சின்.

"எது? கியர் விழுந்தாச்சா?" என்றது கியர்.

படகு அதற்குள் பந்தயக் கோட்டுக்குப் பாதித் தூரம் போயிருந்தது.