பழைய பாயிண்ட்

விதம் என்னும் ஆற்றின் பாலத்தில், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் பாயிண்ட் தேய்ந்து பழைய கார் நின்றபோதுதான் சிரிலின் மனைவி ஹில்டா முன்சீட்டில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூன்று மைல் இருந்தது.

அடக்கம் முடிந்ததும் பாயிண்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகத் தேயாத எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினார் சிரில்.

“இனிமே எதுக்குப்பா இதெல்லாம்?” என்றார் பக்கத்து வீட்டு நார்மன்.

“இனிமே நிக்கக் கூடாது.”

“சரி, பழசைத் தூக்கிப் போட்டுடாதே. புதுசு நடுவழியில கைவிட்டா அதுதான் கதி.”

எல்லோரும் செய்வதுபோல, பழசை ஹில்டாவின் கைக்குட்டையில் சுற்றி டாஷ்போர்டு அறைக்குள் வைத்தார்.

ஞாயிறன்று கல்லறைக்குப் போகும்போது அதே பாலத்தில் கார் நின்றது. பானெட்டைத் தூக்கி, புது இக்னிஷன் பொருத்திய டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே தேய்ந்த பாயிண்ட் இருந்தது. டாஷ்போர்டு அறையில், ஹில்டாவின் கைக்குட்டையில் சுற்றியபடி புது இக்னிஷன்.

சிரில் அரத்தை எடுத்து பாயிண்டைத் தேய்க்கத் தொடங்கினார்.

“ரெண்டே நிமிஷம், பொறுத்துக்கோம்மா,” என்றார், அன்று போலவே.

தூக்கிய பானெட்டுக்குப் பின்னால், முன்சீட்டிலிருந்து இருமல் கேட்டது. பிறகு, அன்று போலவே, நின்றது.