வான்கோழிக்கு நல்ல நாள்

சர்ர்ர்... சர்ர்ர்...

பஞ்சாங்கம் கிழிபடும் அந்தச் சத்தம், நாற்பது வருஷம் கழித்தும் சங்கமித்ராவின் காதில் இருந்தது. தங்கவயல் வீட்டில் யாராவது பஞ்சாங்கம் கொண்டுவந்து கொடுத்தால், அப்பா ஆதிகேசவன் அதைப் பக்கம் பக்கமாகக் கிழித்து வேர்க்கடலை மடிப்பார்.

"புத்தர் நாள் பார்த்தா வீட்டை விட்டுப் போனாரு?" என்பார்.

அதே அப்பா இப்போது பெங்களூர் தொம்மலூரில், வீடு கட்ட வாங்கிய சொந்த சைட்டு வாசலில், பஞ்சாங்கமும் கையுமாக நின்றார். அவர் உள்ளே விடாமல் மறித்த ஜேசிபி எதிரே உறுமிக்கொண்டிருந்தது.

"ஏழரையிலேர்ந்து ஒன்பது ராகு காலம். மண்ணைத் தொடக்கூடாது."

"சரி சார். ஒன்பதுக்கு மேல?" என்றார் கான்ட்ராக்டர் வெங்கி.

"பத்தரைக்கு எமகண்டம்."

"நடுவுல ஒன்றரை மணி நேரம் இருக்கே அப்பா!" என்றாள் சங்கமித்ரா.

"ஆரம்பிச்சுட்டு எமகண்டத்துல நிறுத்தினா இன்னும் மோசம்மா."

"அப்ப பன்னெண்டுக்கு மேல?"

"ஆளுங்க சாப்பிட வேணாமா? சாப்பிட்டு வந்தா குளிகை."

செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை என்பதற்காகவே போனது. புதன் அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை அவருக்குச் சந்திராஷ்டமம். எந்த ராசிக்கு என்று கேட்டால், "எல்லா ராசிக்கும்தான்" என்றார்.

இத்தனைக்கும் அது தை மாதம். பெங்களூர் முழுக்கப் பூமி பூஜை போட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள், காரணம் எதுவும் கிடைக்காமல் அப்பா விழித்தபோது, வெங்கியே முந்திக்கொண்டார்.

"சார், வர்ற வழியில பூனை குறுக்க போச்சு. ஸ்வல்பம் தள்ளிப் போடலாமா?"

"தாராளமா!" அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் வெங்கிக்குப் பல்லி சொன்னது.

சங்கமித்ராவுக்கு அழுகையே வந்தது. வாடகை வீட்டுக்காரர் ஜூலையில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு ரூமும் சமையலறையுமாவது எழும்பியாக வேண்டும். இங்கே கடப்பாரையைக்கூட யாரும் தொட்டபாடில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல எத்தனை பேரைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க! என் கல்யாணத்தையே ராகு காலத்துல வெச்சவரு நீங்க. வயசானா ராகு தானா வந்து ஒட்டிக்குவாரா?"

அப்பா அவளைச் சைட்டுக்குக் கூட்டிப்போய், கடைசி மூலையில் ஆமணக்குச் செடிகளை மெல்ல விலக்கிக் காட்டினார்.

ஒரு பெட்டை வான்கோழி. எந்த வீட்டுக் கிறிஸ்துமஸிலிருந்து தப்பித்து வந்ததோ! முட்டைகள்மேல் பரந்து உட்கார்ந்துகொண்டு, வாடகை கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் இருவரையும் பார்த்தது.

"இருபத்தெட்டு நாள் அடைகாக்கணும். இன்னும் பன்னெண்டு நாள் பாக்கி. நாம எடுத்து வேற இடத்துல வெச்சா, விட்டுட்டுப் போயிடும்" என்றார் அப்பா.

"இதை வெங்கிகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"கெட்டுது போ! அந்த ஆளுங்க கண்ணுல பட்டா மத்தியானமே சட்டியில ஏறிடும். பாவ புண்ணியம் அவங்களுக்கு எங்கம்மா தெரியும்? அதான் ராகுன்னு சொன்னேன். ஒருத்தன் ஏன்னு கேட்டானா?"

"சரி, மெதுவாப் பேசுங்க. எழுந்துடப்போகுது" என்றாள் சங்கமித்ரா.

மறுநாளிலிருந்து பஞ்சாங்கம் அவள் கைக்கு வந்தது. கரிநாள் கண்டுபிடித்தாள். சூலம் எந்தத் திசை என்று ஜேசிபி டிரைவருக்கு விளக்கினாள். வெங்கியும் சளைக்கவில்லை. ஒருநாள் அவருக்கு இடது கண் துடித்தது. இன்னொரு நாள், கிளம்பும்போது பெண்டாட்டி ஒற்றைத் தும்மல் போட்டாள்.

குஞ்சுகள் பொரிந்த மறுநாள் அப்பா வெங்கிக்குப் போன் போட்டார்.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சுடலாம்."

"ஆகட்டும் சார்."

புதன்கிழமை பன்னிரண்டு மணி சுத்தமான ராகு காலம். வெங்கி அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

ஆட்கள் வருவதற்குள் குஞ்சுகளை ஒளித்துவிட வேண்டும் என்று, புதன் விடிந்தும் விடியாமல் அப்பாவும் மகளும் அட்டைப்பெட்டியோடு சைட்டுக்கு ஓடினார்கள்.

ஆமணக்கு மூலையில் வெங்கி குந்தியிருந்தார். பக்கத்தில் பெரிய மூங்கில் கூடை.

"யப்பா வெங்கி, அங்க உக்காராதே! பாம்பு! பாம்பு!" என்று அலறினார் அப்பா.

வெங்கி துள்ளி எழுந்து திருதிருவென்று விழித்தார். கூடைக்குள் வைக்கோல் மெத்தை. ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு கிண்ணம் நொய். நடுவில் தாயும் பதினோரு குஞ்சுகளும்.

"மன்னிச்சுக்குங்க சார். முதல் நாள் அளவெடுக்க வந்தப்பவே பார்த்துட்டேன். பூனையும் வரல, பல்லியும் சொல்லல. எல்லாம் புளுகு."

"அடப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

வெங்கி தலையைச் சொறிந்தார்.

"எப்படி சார் சொல்றது? ஞாயித்துக்கிழமையானா உங்களை மிலிட்டரி ஓட்டல்ல பார்க்கிறேன். ரெண்டு பிளேட் நாட்டுக்கோழி. தெரிஞ்சா, அன்னிக்கே முட்டை ஆம்லெட்டாயிடும்னு பயந்துட்டேன்."

சங்கமித்ரா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அட்டைப்பெட்டியைப் பார்த்தார்.

தாயும் குஞ்சுகளும் இப்போது ஹொசகோட்டேயில், வெங்கி வீட்டில் இருக்கின்றன. அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை.