பெயர் சொல்லாத விருது

ரங்கூனை அடுத்த இன்சீனில் காலையில் மின்சாரம் வந்ததும், ஆண்டாள் கைபேசியை அப்பாவின் முன்னால் பிடித்தாள்.

"லண்டன்ல டிவிக்காரங்களுக்கு நேத்து விருது கொடுத்திருக்காங்கப்பா. திரைக்குப் பின்னால வேலை செய்யிறவங்களுக்கு. பாருங்க."

பொன்னுத்துரைக்கு ஆங்கிலம் வராது. அவள்தான் எடுத்துச் சொன்னாள். சிறந்த ஒளிப்பதிவுக்கான விருதை வாங்க அந்தப் படத்தைத் தயாரித்த வெள்ளைக்காரப் பெண்மணி மேடையேறினாள்.

"படம் பிடிச்சவர் நம்ம ரங்கூன்காரராம்ப்பா. ராணுவம் சனங்களைச் சுடுறதைத் தெருவில ஒளிஞ்சு நின்னு எடுத்திருக்கார். எடுக்கும்போதே செத்துட்டாராம். குடும்பத்துக்கு ஆபத்து வரும்னு பேரைச் சொல்லல."

"யார் பெத்த பிள்ளையோ," என்றார் பொன்னுத்துரை. "நம்ம சுந்தரும் கேமராவைத் தூக்கிக்கிட்டுத்தானே அலைஞ்சான். நல்லவேளை, கல்யாண வீடியோ எடுக்கப் பாங்காக் போயிட்டான். போன் பண்ணாட்டியும் உசிரோட இருக்கான்ல. அந்தப் பையனைப் பெத்தவங்க என்ன பாடு படுறாங்களோ."

கைலி முனையால் கண்ணைத் துடைத்தவர், தாங்க மாட்டாமல் அழுதுவிட்டார். ஆண்டாள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

சுந்தர் பாங்காக்கில் இருப்பதாக ஐந்து மாதமாக அவள்தான் சொல்லி வருகிறாள். உண்மை தெரிந்தால் அப்பா மகன் பெயரைச் சொல்லிக் கதறுவார். தெருவுக்கே கேட்டுவிடும். அப்புறம் வீட்டைத் தேடி ராணுவம் வரும்.

மேடையேறிய பெண்மணியிடமிருந்து செய்தி வந்தது. "அப்பா பார்த்தாரா?"

"பார்த்தார். மகனுக்காக அழுதார்" என்று பதில் அனுப்பிய ஆண்டாள், இரண்டு செய்திகளையும் உடனே அழித்தாள்.