ஒரே பெல்ட்

பழைய டீசல் லாரியின் பானெட்டைத் திறந்ததும் மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டார்.

"மூணு பெல்ட்டும் இப்படிக் கத்துதே, எப்படிண்ணே ஓட்டுறீங்க?"

"எங்க அம்மாவும் பொண்டாட்டியும் போடுற சண்டைக்கு இது தாலாட்டு தம்பி. அதைத்தான் நிறுத்த முடியல, இதையாவது நிறுத்து" என்றார் டிரைவர்.

மெக்கானிக் பழைய பெல்ட்டுகளையும் அவை சுற்றும் புல்லிகளையும் கழற்றிவிட்டு, புதுப் புல்லிகளைப் பூட்டி, எல்லாவற்றையும் சுற்றி ஓடுகிற ஒரே அகலமான பெல்ட்டை மாட்டினார். "தளர்ந்தா தானா இறுக்கிக்கும்ணே. இனிமே மூச்சு விடாது."

அன்று மாலை லாரி பூனை மாதிரி வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே ஒரே சிரிப்பு. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அம்மா மருமகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இன்னிக்கு நீங்க ஆரம்பிக்கிறீங்களா?"

"நீயே ஆரம்பிம்மா. நேத்து கத்தினதுல தொண்டை கட்டிடுச்சு. லாரி தெருமுனைக்கு வரட்டும், பெல்ட் கத்தும்ல."

"பாவம் அத்தை உங்க பிள்ளை."

"என்ன பாவம்? நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா சமையல்கட்டுல விட பயந்துதானே எல்லாப் பாத்திரத்தையும் அவனே தேய்க்கிறான்?"

டிரைவர் ஓசைப்படாமல் திரும்பிப் போய் ஹாரனை நீளமாக அழுத்தினார்.

உள்ளே ஒரு தட்டு உருண்டது. "நல்லா வளர்த்தீங்க பிள்ளையை!" என்று மனைவி வீறிட்டாள்.

டிரைவர் சாவகாசமாக உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். "நிறுத்தாதீங்க. இனிமே தோத்தவங்கதான் பாத்திரம் தேய்க்கணும்."

அன்றுதான் அந்த வீட்டில் முதன்முதலாக நிஜமான சண்டை நடந்தது.